நாளை முதல் வேலைக்குப் போகாமல் நின்றுவிடலாமா? பெருந்தொற்றுக் காலத்தில் பணியிடப் பாதுகாப்பும் பணியாளர் உரிமையும்

கேள்வி இது. பெருந்தொற்று பரவிக்கொண்டிருக்கும் நேரத்தில், ஜன்னல்களைத் திறக்க முடியாத ஒரே கூடத்தில் நாற்பது பேர் நெருங்கி உட்கார்ந்து நாள் முழுவதும் வாடிக்கையாளர்களோடு தொலைபேசியில் பேசும் அலுவலகம் ஒன்றில் ஒருவர் பணிபுரிகிறார். பக்கத்து வரிசையில் இருந்தவருக்கு நோய் உறுதியான செய்தியை நிர்வாகம் தெரிவிக்கவில்லை; உடன் வேலை செய்பவர்கள் மூலமாகத்தான் அவருக்குத் தெரியவந்தது. அவருடைய தாயாருக்கு நுரையீரல் நோய். வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்டபோது, "வராவிட்டால் நீங்களே வேலையை விட்டுவிட்டதாக எடுத்துக்கொள்வோம்" என்று மேலாளர் கூறிவிட்டார். நாளை முதல் போகாமல் நின்றுவிடத் தமக்கு உரிமை உண்டா, நின்றால் வேலை போய்விடுமா என்று கேட்கிறார்.

அந்த உரிமை உண்டு. ஆனால் அது நீங்கள் நினைப்பதைவிடக் குறுகலான வாசல். அதன் வழியாக வெளியேறும் முன்பு ஏறிக் கடக்க வேண்டிய படிகள் சில உள்ளன. தொழிலகப் பாதுகாப்புக் குழுக்களில் பணியாளர் தரப்பில் பல ஆண்டுகள் அமர்ந்திருந்த எனக்கு, முதலில் நின்றுவிட்டுப் பிறகு காரணம் சொன்னவர்கள், நியாயம் தங்கள் பக்கம் இருந்தும் தோற்றுப்போனதைப் பார்த்து வருந்திய நாள்கள் உண்டு. ஆகவே மறுக்கும் உரிமையோடு நிறுத்தாமல், அதற்கு முன்னதாகவே உங்கள் கையில் இருக்கிற, பெரும்பாலோர் தொடாமலே விட்டுவிடுகிற உரிமைகளையும் சேர்த்துச் சொல்கிறேன். சட்டத்தின் சொற்களும் காலக்கெடுக்களும் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால், உங்கள் நாட்டின் சட்டத்தை அறிந்த ஒரு தொழிற்சங்கத்தையோ வழக்கறிஞரையோ அணுகுவதற்கு முன் தெளிவு பெறுவதற்காக இதைப் படியுங்கள்.

இத்துறையின் அடிப்படை ஆவணம், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1981-இல் நிறைவேற்றிய 155-ஆம் உடன்படிக்கை. அதன் 13-ஆம் பிரிவு, தம் உயிருக்கோ உடல்நலத்திற்கோ உடனடியான, கடுமையான ஆபத்து இருப்பதாக நம்புவதற்குத் தக்க காரணம் உள்ள ஒரு தொழிலாளி அந்த இடத்திலிருந்து விலகிக்கொண்டால், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. 19-ஆம் பிரிவு இன்னொன்றைச் சேர்க்கிறது: அத்தகைய ஆபத்தைத் தொழிலாளி உடனே தம் மேற்பார்வையாளரிடம் தெரிவிக்க வேண்டும், தெரிவித்தபின், ஆபத்து தொடரும்வரை, அதைச் சீர்செய்யாமல் அவரைத் திரும்ப வரச் சொல்ல நிர்வாகத்துக்கு உரிமையில்லை. 2022 ஜூனில், பாதுகாப்பான, நலமான பணிச்சூழல் என்பது வேலையின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக அந்த அமைப்பின் மாநாட்டில் சேர்க்கப்பட்டது. 155-ஆம் உடன்படிக்கையை ஏற்று உறுதிசெய்யாத உறுப்பு நாடுகளும்கூட அந்தக் கொள்கையை மதிக்கக் கடமைப்பட்டவை. நோய்க்கிருமிகள் போன்ற உயிரியல் அபாயங்களுக்கென்றே 2025-இல் தனி உடன்படிக்கையொன்றும், 192-ஆம் எண்ணில், நிறைவேறியது. கொரோனா பெருந்தொற்றில் தொழிலாளர்கள் கொடுத்த விலை அதன் பின்னணியில் இருக்கிறது.

இந்தப் பிரிவுகளில் "உடனடியான", "கடுமையான", "தக்க காரணம்" ஆகிய மூன்றையும் பற்றித்தான் நீதிமன்றங்களில் வாதம் நடக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980-இல் தீர்த்த ஒரு வழக்கு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. தொழிற்சாலையொன்றில் உயரத்தில் கட்டியிருந்த கம்பிவலையின்மேல் நடந்து வேலை செய்த ஒருவர் கீழே விழுந்து இறந்தார். சில நாள்களுக்குப் பிறகு அதே வலையின்மேல் ஏற மறுத்த இருவரை, மீதமிருந்த ஆறு மணி நேரத்துக்குச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பி, எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்தது நிர்வாகம். அத்தகைய மறுப்பைப் பாதுகாக்கும் விதி செல்லும் என்று நீதிமன்றம் ஏகமனதாகக் கூறியது. அங்கே ஆபத்து கண்ணெதிரே தொங்கிக்கொண்டிருந்தது. அதே இடத்தில் ஓர் உயிர் போயிருந்தது. ஆபத்தைப் பற்றி அந்த இருவரும் முன்பே வாய்திறந்து சொல்லியும் இருந்தார்கள்.

கிருமி அப்படித் தொங்கிக்கொண்டிருப்பதில்லை. பிரிட்டனில் 2020 மார்ச்சில் பெரியதொரு பணிக்கூடத்தில் ஐந்து பேரளவில் வேலை செய்த இடத்திலிருந்து, நோய்வாய்ப்படக்கூடிய குழந்தை வீட்டில் இருப்பதால் பொதுமுடக்கம் தளரும்வரை வரமாட்டேன் என்று மேலாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டு நின்ற ஒருவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022 டிசம்பரில் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. அவருடைய அச்சம் உண்மையானது என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஊரெங்கும் ஆபத்து இருப்பதாக அவர் நம்பினாரே தவிர, அந்தப் பணியிடத்தில் கடுமையான, உடனடியான ஆபத்து இருந்ததாக நம்புவதற்குத் தக்க காரணம் இருக்கவில்லை என்பதே கீழ்நீதிமன்றம் முதல் மேல்நீதிமன்றம் வரை நின்ற முடிவு. அந்தத் தந்தையின் மனநிலையை எண்ணும்போது எனக்கு அது கொடிய தீர்ப்பாகவே படுகிறது; இருந்தாலும் அதில் உங்களுக்குத் தேவையான ஒரு பாடம் இருக்கிறது. "பெருந்தொற்று நடக்கிறது, அதனால் வரமாட்டேன்" என்று சொல்பவரைச் சட்டம் காப்பாற்றாமல் போகலாம். "என் கூடத்தில் புதிய காற்று வருவதில்லை, நோயுற்றவர் என்னிடமிருந்து இத்தனை அடி தூரத்தில் இத்தனை நாள் இருந்தார், அதை எங்களுக்குச் சொல்லவில்லை, சரிசெய்யக் கேட்டும் செய்யவில்லை" என்று சொல்பவரின் நிலை வேறு. உங்கள் வழக்கு இரண்டாவது வகை. அதை முதல் வகையாக ஆக்கிக்கொண்டு விடாதீர்கள்.

இப்போது, மறுப்புக்கு முன் வரும் உரிமைகள். முதலாவது, தெரிந்துகொள்ளும் உரிமை. தன் கூடத்தில் தொற்று உறுதியானது என்பதை நிர்வாகம் மறைத்தது, என் பார்வையில், நீங்கள் எழுதியவற்றிலேயே மிகப் பெரிய தவறு. "மருத்துவத் தகவல் ரகசியம், சொல்ல முடியாது" என்று பதில் வரக்கூடும். அது பாதி உண்மை. நோயுற்றவரின் பெயரைச் சொல்லக் கூடாது. ஆனால் இந்தத் தளத்தில், இந்த நாள்களில், தொற்றுள்ள ஒருவர் இருந்தார் என்பதையும், அதனால் யார் யார் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதையும் பெயரில்லாமலே சொல்லிவிட முடியும். இதே ரகசியக் காப்பு உங்களுக்கும் உரியது. உங்கள் தாயாரின் நோய் விவரத்தையோ உங்கள் பரிசோதனை முடிவையோ மேலாளர் மற்றவர்கள் முன் பேசினால், அதுவும் மீறல்தான்.

இரண்டாவது, இடர் மதிப்பீட்டைக் கேட்கும் உரிமை. எந்த இடத்தில், எந்த வேலையில், யாருக்கு, எவ்வளவு ஆபத்து, அதைக் குறைக்க என்ன செய்யப்பட்டிருக்கிறது என்று நிர்வாகம் ஆராய்ந்து எழுதிவைக்கும் ஆவணம் அது. பல நாடுகளில் அது சட்டக் கடமை. பணியாளர்களையோ அவர்களுடைய பிரதிநிதிகளையோ கலந்துகொண்டே அதைச் செய்ய வேண்டும். அதன் நகலைக் கேளுங்கள். மதிப்பீடே செய்யவில்லை என்றால் அந்த மௌனமே உங்கள் தரப்புச் சான்று. செய்திருந்தால், அதில் காற்றோட்டம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

காற்றோட்டத்தை வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. உங்களுடையதைப் போன்ற ஓர் அலுவலகத்தில் நடந்ததைத் தென்கொரிய நோய்த்தடுப்பு அதிகாரிகள் நுணுக்கமாக ஆராய்ந்து வெளியிட்டார்கள். 2020 மார்ச்சில் சியோல் நகரின் ஒரு கட்டடத்தின் 11-ஆவது தளத்தில் இயங்கிய தொலைபேசிச் சேவை மையத்தில் 216 பேர் வேலை செய்தார்கள். அவர்களில் 94 பேருக்குத் தொற்று. அதே மின்தூக்கியையும் நுழைவுக்கூடத்தையும் பயன்படுத்திய மற்றத் தளங்களில் தொற்று மிகக் குறைவு. அந்தத் தளத்திலும் நோயுற்றோரில் பெரும்பாலோர் ஒரே பக்கத்தில் இருந்த இருக்கைகளில் அமர்ந்தவர்கள். ஒரே காற்றை, பேசிக்கொண்டே, மணிக்கணக்காகப் பகிர்ந்துகொண்டதுதான் அவர்களை வீழ்த்தியது. மின்தூக்கியில் ஓரிரு நிமிடம் ஒன்றாக நின்றதன் பங்கு மிகச் சிறிது. பேசுவதே வேலையாக இருக்கும் இடத்தில் இந்த ஆய்வை நிர்வாகத்தின் முன் வைக்க நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

தொடக்க மாதங்களில் கை கழுவுவதும் மேசையைத் துடைப்பதும்தான் எங்கும் பேசப்பட்டன. 2020 ஜூலையில் இயற்பியலாளர் லிடியா மொராவ்ஸ்காவின் முன்முயற்சியில் 239 அறிவியலாளர்களின் ஆதரவோடு வெளியான கடிதம், நோய் காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் வழியாகவும் பரவுகிறது என்பதை ஏற்கும்படி சுகாதார அமைப்புகளைக் கேட்டுக்கொண்டது. அதன் பிறகும் பல அலுவலகங்கள் வாசலில் உடல்வெப்பம் பார்ப்பதோடும், மேசைகளுக்கு நடுவில் கண்ணாடித் தடுப்பு வைப்பதோடும் நின்றுவிட்டன. அறிகுறி தோன்றும் முன்பே நோயைப் பரப்பக்கூடியவரை வெப்பமானி காட்டிக்கொடுக்காது. தடுப்பின் மேலாகவும் பக்கவாட்டிலும் காற்று சுற்றிவரும்.

எனவே எதைக் கேட்பது என்பதில் குறிப்பாக இருங்கள். பாதுகாப்புத் துறையினர் ஏற்றுக்கொண்ட ஒரு வரிசைமுறை உண்டு: முதலில் ஆபத்தையே அகற்று, முடியாவிட்டால் இடத்தையும் இயந்திரத்தையும் மாற்று, பிறகு வேலை நேரத்தையும் முறையையும் மாற்று, எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் தொழிலாளியின் உடம்பில் மாட்டும் கவசம். பெரும்பாலான நிர்வாகங்கள் இதைத் தலைகீழாகப் பிடிக்கின்றன. ஏனென்றால் கவசம் மலிவு, பொறுப்பும் அதை அணிபவர்மேல் விழுந்துவிடும். தொலைபேசியில் பேசும் வேலையை வீட்டிலிருந்து செய்ய முடியும் என்றால் அது இந்த வரிசையின் முதல் படி, ஆகவே உங்கள் கோரிக்கை சலுகை கேட்பதாகாது. அது இயலாதென்றால், மணிக்கு எத்தனை முறை அறையின் காற்று மாற்றப்படுகிறது என்று கேளுங்கள். அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2023-இல் ஐந்து முறையை இலக்காகப் பரிந்துரைத்தது. கையடக்கமான கார்பன் டை ஆக்சைடு அளவி ஒன்றை மேசையில் வைத்தாலே நிலைமை ஓரளவு புரியும்: வெளிக்காற்றில் அது பத்து லட்சத்தில் ஏறத்தாழ 420 பங்கு, ஆட்கள் நிறைந்த கூடத்தில் 800-ஐத் தாண்டி நெடுநேரம் நின்றால், ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் உள்ளிழுக்கும் அளவு கூடிவிட்டது என்று பொருள். நுண்துகள் வடிகட்டும் கருவிகள், மாற்றுப் பணிநேரம், இருக்கைகளின் எண்ணிக்கையைக் குறைப்பது ஆகியவை அடுத்த கோரிக்கைகள். முகக்கவசம் தேவைப்பட்டால், நுண்துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டைத் தடுக்கும் என்-95 வகையைக் கேளுங்கள். முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தாவிட்டால் அதன் பயன் குறைந்துவிடும். அதற்கான செலவு உங்களுடையதாக இருக்கக் கூடாது. பாதுகாப்பு ஏற்பாடுகளுக்காகத் தொழிலாளி எதையும் செலவழிக்க வேண்டியதில்லை என்று 155-ஆம் உடன்படிக்கையின் 21-ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது.

"காற்றில் பரவுகிறது என்று உறுதியாகட்டும், பிறகு பார்க்கலாம்" என்ற பதிலும் உங்களுக்கு வரலாம். 2003-இல் சார்ஸ் என்ற கடும் சுவாச நோய் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தைத் தாக்கி 44 பேர் இறந்தபோது, அதை விசாரித்த ஆணையத்தின் தலைவர் நீதிபதி ஆர்ச்சி கேம்ப்பெல் இந்த மனப்போக்கைத்தான் முதன்மைக் குறையாகச் சுட்டினார். தங்களுக்குப் போதிய பாதுகாப்பு இல்லை என்று செவிலியர்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்கவில்லை. நோய் அடங்கிவிட்டது என்று எண்ணிக் கவசங்களைத் தளர்த்திய பிறகு இரண்டாம் அலை மருத்துவமனையிலேயே வெடித்தது. ஆபத்தைக் குறைக்கும் நியாயமான நடவடிக்கைகளை, அறிவியல் உறுதி கிடைக்கும்வரை தள்ளிப்போடக் கூடாது என்பது அந்த ஆணையம் விட்டுச்சென்ற கொள்கை. அந்தப் பாடம் கற்கப்படாமலே அடுத்த பெருந்தொற்று வந்தது. 2020 ஜனவரி முதல் 2021 மே வரை கொரோனாவால் இறந்த சுகாதாரப் பணியாளர்கள் 80,000 முதல் 1,80,000 வரை இருக்கலாம் என்று உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டிருக்கிறது. அந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம், அவர்களுள் எத்தனை பேர் முன்கூட்டியே எச்சரித்திருப்பார்கள் என்ற நினைப்பு என்னை விட்டு அகல்வதில்லை.

எச்சரிப்பதை எழுத்தில் செய்யுங்கள். மேலாளரின் அறையில் நின்று வாய்வழியாகச் சொன்னது, நாளை "அவர் ஒன்றும் சொல்லவில்லையே" என்று ஆகிவிடும். மின்னஞ்சலில், குற்றம் சாட்டும் தொனி இல்லாமல், நான்கைந்து பத்தியில் எழுதினால் போதும்: கூடத்தின் அமைப்பு, ஆட்களின் எண்ணிக்கை, தொற்று உறுதியான நாள், அதை நீங்கள் அறிந்த விதம், உங்கள் வீட்டு நிலைமை, நீங்கள் கேட்கும் மாற்றங்கள், பதில் தேவைப்படும் நாள். "வேலை செய்ய நான் தயாராக இருக்கிறேன், பாதுகாப்பான முறையில் அதைச் செய்ய வழிசெய்யுங்கள்" என்ற வாக்கியம் கட்டாயம் இருக்கட்டும். வேலையைக் கைவிட்டவர் என்று பின்னால் உங்கள்மேல் முத்திரை குத்த முயன்றால் அந்த ஒரு வரி அதை உடைக்கும். மேலாளர் சொன்ன "விட்டுவிட்டதாக எடுத்துக்கொள்வோம்" என்பதையும், "இன்ன நாளில் நீங்கள் இவ்வாறு கூறியதாக நான் புரிந்துகொண்டேன், தவறென்றால் திருத்துங்கள்" என்று எழுதிப் பதிவாக்குங்கள். நகலை அலுவலகக் கணினியில் மட்டும் வைத்திருக்காதீர்கள். வேலை போகும் நாளில் அந்தக் கணினியும் போய்விடும்.

முடிந்தால் தனியாக எழுதாதீர்கள். ஒருவர் எழுதினால் அது குறைகூறல். பதினைந்து பேர் கையொப்பமிட்டால் அது நிர்வாகம் கூடிப் பேசியாக வேண்டிய பொருள். சங்கம் இல்லாத இடத்திலும், பணிநிலைமைகளுக்காகப் பலர் சேர்ந்து குரல் கொடுப்பதைத் தனியாகப் பாதுகாக்கும் சட்டங்கள் சில நாடுகளில் உண்டு. நான் அறிந்த ஓர் அலுவலகத்தில், மூன்று மாதமாக ஒருவர் கேட்டும் திறக்கப்படாத ஜன்னல்கள், அந்தத் தளத்தில் இருந்த அனைவரும் சேர்ந்து ஒரு பக்கக் கடிதம் கொடுத்த அதே வாரத்தில் திறக்கப்பட்டன. அவை ஆணியடித்து மூடப்பட்டவை, ஆணிகளைப் பிடுங்க ஒரு பிற்பகல்தான் ஆனது.

பதில் வராவிட்டால் தொழிலாளர் ஆய்வுத் துறையிடமோ பொதுச் சுகாதாரத் துறையிடமோ புகார் செய்யலாம். புகார் செய்ததற்காகப் பணிநீக்கம், இடமாற்றம், ஊதியக் குறைப்பு, திடீரென்று மோசமான மதிப்பீட்டறிக்கை போன்ற பழிவாங்கல்கள் பெரும்பாலான நாடுகளில் தடைசெய்யப்பட்டவை. ஆனால் அதை எதிர்த்து முறையிடும் காலக்கெடு வியக்கத்தக்க அளவுக்குக் குறுகியதாக இருக்கலாம். அமெரிக்காவின் கூட்டாட்சிப் பாதுகாப்புச் சட்டத்தில் அது வெறும் 30 நாள். மனம் ஆறட்டும் என்று காத்திருந்து கெடுவைத் தவறவிட்டவர்கள் பலர். வேலையிடத்திலிருந்து முறைப்படி விலகிய நாள்களுக்குச் சம்பளம் உண்டா என்பதிலும் நாடுகள் வேறுபடுகின்றன: பிரான்சில் தக்க காரணத்தோடு விலகியவரின் ஊதியத்தைப் பிடிக்கக் கூடாது; வேறு பல இடங்களில் தண்டிக்கத்தான் தடை, சம்பளத்துக்கு உறுதி இல்லை. சேமிப்பு எவ்வளவு நாள் தாங்கும் என்று கணக்கிட்ட பிறகே அந்தப் படியில் கால் வையுங்கள்.

உங்கள் தாயாரைப் பற்றியதுதான் மிகக் கடினமான பகுதி. உங்களுக்கே நாள்பட்ட நோயோ கருவுற்ற நிலையோ இருந்தால், வேலையில் தக்க மாற்றம் கேட்க வலுவான சட்டப் பிடி கிடைக்கும். வீட்டிலுள்ளவரின் நோயை முன்வைத்து அதே பிடியைப் பல சட்டங்கள் தருவதில்லை. இது சட்டத்தில் உள்ள ஓட்டை. நோய் அலுவலக வாசலோடு நின்றுவிடும் என்று எண்ணி எழுதப்பட்டதைப்போல் இருக்கிறது. ஆகவே கடிதத்தில் அவருடைய நிலையைச் சொல்லுங்கள், மருத்துவச் சான்றும் இணையுங்கள். ஆனால் முழு எடையையும் அதன்மேல் ஏற்றாமல், கூடத்தின் ஆபத்தையே முதன்மைக் காரணமாக வையுங்கள். பராமரிப்பு விடுப்பு உங்கள் நாட்டில் உண்டா என்பதையும் தனியாகக் கேட்டறியுங்கள்.

உங்கள் கூடத்தைத் துப்புரவு செய்பவர்களும் காவலர்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களாக இருந்தால், கடிதத்தில் அவர்களையும் சேர்க்க வேண்டுகிறேன். நோயோடு வேலைக்கு வருபவர் பெரும்பாலும் வராவிட்டால் அன்றைய கூலி இல்லாதவர். சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பு அவருக்கு மறுக்கப்படும்போது உங்களுக்கும் பாதுகாப்பு மறுக்கப்படுகிறது. 2020 ஜூனில் ஜெர்மனியின் கியூட்டர்ஸ்லோ மாவட்டத்திலுள்ள பெரும் இறைச்சிக்கூடத்தில் 1,500-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று பரவியது. வேலையாள்களில் பலர் இடைத்தரகு ஒப்பந்தங்களின் கீழ் வெளிநாடுகளிலிருந்து வந்து, நெரிசலான பொதுத் தங்குமிடங்களில் இருந்தவர்கள். குளிரூட்டிய காற்று வெளியேறாமல் சுற்றிச் சுற்றி வந்த வெட்டுக்கூடத்தில், எட்டு மீட்டருக்கு அப்பால் நின்றவரையும் கிருமி எட்டியதை ஆய்வாளர்கள் பிறகு கண்டறிந்தார்கள். நாடே கொதித்தெழுந்தபின், 2021 தொடக்கத்திலிருந்து இறைச்சித் தொழிலின் மையப் பணிகளில் இத்தகைய ஒப்பந்த முறையைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. அந்தத் தொழிலாளர்களின் நிலைமை பல ஆண்டுகளாகவே எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்பதுதான் வேதனை.

ஒருவேளை உங்களுக்கே தொற்று ஏற்பட்டுவிட்டால், அதைப் பணிவழி நோயாகப் பதிவு செய்யக் கோருங்கள். எங்கே தொற்றியது என்று நிறுவுவது எளிதல்ல. அதனால்தான் இத்தாலி 2020 மார்ச்சிலேயே வேலையின்போது தொற்றும் கொரோனாவைப் பணியிட விபத்துக்கு நிகராகக் கருதி இழப்பீட்டு வரம்புக்குள் கொண்டுவந்தது. வேறு சில இடங்களில், குறிப்பிட்ட பணியாளர்களுக்கு வேலையிலேயே தொற்றியதாகக் கருதிக்கொள்ளும் சட்டங்களும் வந்தன. பரிசோதனைச் சீட்டு, அன்றைய பணிநேரப் பட்டியல், அருகில் நோயுற்றவர் இருந்த நாள்கள் ஆகியவற்றைப் பாதுகாத்து வையுங்கள். மூச்சிரைப்பும் சோர்வும் மாதக்கணக்கில் நீடிப்பவர்களுக்கு இந்தத் தாள்களின் அருமை தாமதமாகத்தான் தெரிய வருகிறது.

நாளைக் காலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இன்றிரவே கடிதத்தை அனுப்புங்கள். உடன் பணிபுரிபவர்களில் இருவராவது சேர்ந்தால் மூவர் பெயரிலும் அனுப்புங்கள். நோயுற்றவரின் அருகில் இருந்திருப்பதால், நாளையே பரிசோதனை செய்துகொள்ளவும், முடிவு வரும்வரை வீட்டிலிருக்கவும் சுகாதாரத் துறையின் விதி என்ன சொல்கிறது என்று பாருங்கள்; அந்த விதி உங்களைத் தனித்திருக்கச் சொன்னால், நீங்கள் வேலையை மறுப்பவர் ஆகமாட்டீர்கள், பொதுச் சுகாதார ஆணையைப் பின்பற்றுபவர் ஆவீர்கள், அதையே மேலாளருக்கும் எழுதிவிடுங்கள். விதி அப்படிச் சொல்லாவிட்டால், நன்கு பொருந்தும் முகக்கவசத்தோடு போய், கூடத்துக்குள் நுழையும் முன்பே மேற்பார்வையாளரிடம் கடிதத்தைக் காட்டி, இன்றைக்கு எங்கே, எப்படி உட்காரச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை, நேரத்தோடு, அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.